சோற்றுப் பொட்டலமும் கூலிக் கணக்கும்

சம்பள உயர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலாளிமார் விழுக்காடு பேசுகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் போய் நாமும் விழுக்காடு பேசுகிறோம். பசிக்கு விழுக்காடு தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் எவ்வளவு சோறு, அதன்மேல் என்ன கறி என்பதுதான். ஆகவே தோழர்களே, இம்முறை சோற்றை வைத்தே கணக்குப் பார்ப்போம். அதுவும் நாம் அன்றாடம் கடையில் வாங்கி உண்ணும் மலாய்ச் சோற்றை வைத்தே பார்ப்போம்.

"தமிழன் பத்திரிகையில் மலாய்ச் சாப்பாட்டுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். பிறையில் வாழ்பவர் எவரும் அப்படிக் கேட்கமாட்டார். காலையில் பால் வெட்டப் போகிறவர் கையிலும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வருகிறவர் கையிலும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பையிலும் இருப்பது நாசி லெமாக் பொட்டலமன்றோ? நம் பாட்டன்மார் 19-ஆம் நூற்றாண்டில் இந்த மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து, பின்னர் ரப்பர்த் தோட்டங்களில் நிலைத்தார்கள். அத்தனை தலைமுறையாக ஒரே மண்ணில் வாழ்கிறோம். அண்டை வீட்டார் உண்பதை நாமும் உண்கிறோம். நாம் உண்பதை அவர்களும் உண்கிறார்கள். இதில் வியப்பு ஒன்றுமில்லை.

நாம் உண்ணும் சோறு

"நாசி" என்றால் மலாயில் சோறு. நாசி லெமாக் என்பது தேங்காய்ப் பாலில், பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு. சம்பால், நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை ஆகியவற்றை அதனுடன் சேர்த்து வாழையிலையில் கட்டுவார்கள். 1909-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு வின்ஸ்டெட் என்ற ஆங்கில அதிகாரி மலாய் மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் இச்சோறு இடம்பெற்றுவிட்டது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் பசியாறும் பண்பாட்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் அதில் இடம்பெற்றன. பெருமைப்பட வேண்டியதே! ஆனால் மரபு என்று பட்டியலில் ஏறிய அந்தப் பொட்டலம் உழைப்பவன் கைக்கு எட்டுகிறதா என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

அடுத்தது நாசி கண்டார். இதை மலாய்ச் சாப்பாடு என்று ஊர் சொல்கிறது. உண்மையில் இது நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களின் கைப்பக்குவம். "கண்டார்" என்பது தோளில் சுமக்கும் காவுத்தடி. தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறிகளுமாகத் தூக்கிக்கொண்டு, பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அதாவது, தோளில் சுமந்தவன் விற்க, முதுகில் சுமந்தவன் வாங்கி உண்ட சோறு அது. ஜோர்ஜ் டவுன் கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா போன்ற கடைகள் அந்தக் காலத்தின் நினைவாக இன்றும் நிற்கின்றன.

இவை தவிர, பழைய சோற்றை மிளகாயும் நெத்திலியும் சேர்த்துப் பிரட்டிய நாசி கோரெங் கம்போங் உண்டு. சோற்றின்மேல் விரும்பிய கறிகளை நாமே எடுத்துவைத்துக்கொள்ளும் நாசி சம்பூர் உண்டு. கிளந்தானிலிருந்து சங்குப்பூ நீலத்தில் நாசி கெராபுவும், கிழக்குக் கரையிலிருந்து மீன் கறியுடன் நாசி டாகாங்கும் நம் பக்கம் வந்துவிட்டன. எல்லாம் சுவையே. சுவையைப் பற்றி நமக்குள் வழக்கில்லை. வழக்கெல்லாம் விலையைப் பற்றியது.

மணிக்கணக்கில் விலை

விலை என்றால் வெள்ளியில் சொல்வது வழக்கம். "எட்டு வெள்ளிதானே!" என்று ஒருவர் சொல்வார். "எட்டு வெள்ளியா!" என்று மற்றொருவர் சொல்வார். அதே எட்டு வெள்ளி, மாதம் ஐயாயிரம் வாங்குபவருக்கு ஒரு விலை. ஆயிரத்து எழுநூறு வாங்குபவருக்கு வேறொரு விலை. ஆகவே உழைப்பவனுக்குப் பொருந்தும் அளவுகோல் ஒன்றே: இந்தத் தட்டுச் சோற்றுக்காக எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும்?

கணக்கு இதோ. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இது எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும். சட்டம் வகுத்த மணிக்கணக்கில் இது ஒரு மணிக்கு 8 வெள்ளி 72 காசு. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு.

பிறைப் பக்கத்தில் இன்று சிறு நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வெள்ளிக்கும் மூன்று வெள்ளிக்கும் நடுவில் விற்கிறது. இரண்டரை வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அது 17 நிமிட வேலை. நாசி சம்பூர், ஒரு மீனும் ஒரு காயும் வைத்து எட்டு வெள்ளி என்றால், அது 55 நிமிட வேலை. கோழியும் வெண்டைக்காயும் வைத்த நாசி கண்டார் பன்னிரண்டு வெள்ளி என்றால், 1 மணி 23 நிமிட வேலை. இறாலும் கணவாயும் பெரிய மீன் துண்டும் எடுத்துவைத்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்!

இதுவும் சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதாக எண்ணிப் போட்ட கணக்கு. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, போகிறது. சொக்சோவும் மற்றதும் போக, கையில் நிற்பது ஏறத்தாழ 1,500 வெள்ளி. அப்படிப் பார்த்தால் எட்டு வெள்ளிச் சோறு ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிடுகிறது.

இனி மாதக் கணக்கு. விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒரு தனி ஆள் காலையில் இரண்டரை வெள்ளிக்குப் பசியாறி, பகலிலும் இரவிலும் எட்டு வெள்ளிக்குச் சாப்பிட்டால், நாளொன்றுக்கு 18 வெள்ளி 50 காசு. முப்பது நாளுக்கு 555 வெள்ளி. ஒரு கோப்பைத் தேநீர்கூட இதில் சேரவில்லை. கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வயிற்றுக்கே போய்விடுகிறது. பிள்ளைகள் மூவரும் பெற்றோர் இருவருமாக ஐந்து பேர் உள்ள வீட்டில், காலைப் பொட்டலம் மட்டும் வாங்கினால் நாளுக்குப் பன்னிரண்டரை வெள்ளி; 26 நாளுக்கு 325 வெள்ளி. இது பசியாறும் செலவு மட்டுமே. வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை, மருந்துச் செலவு எல்லாம் வாசலில் காத்து நிற்கின்றன.

அரசாங்கத்தின் சொந்தக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி ஒரு குடும்பத்தின் வறுமைக்கோடு மாதம் 2,589 வெள்ளி என்று அரசாங்கமே கூறியது. ஒருவர் மட்டும் 1,700 வெள்ளி சம்பாதிக்கும் குடும்பம் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா? இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

அரிசிமேல் பழி போடலாமா?

விலை ஏறும்போதெல்லாம் "அரிசி ஏறிவிட்டது" என்கிறார்கள். இதையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2023 செப்டம்பர் 1 அன்று, நம் நாட்டில் அரிசி இறக்குமதி உரிமையைத் தனியாக வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம், இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. அதன்பின் கிலோ 2 வெள்ளி 60 காசு என்று விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்நாட்டு அரிசி கடைத் தட்டுகளிலிருந்து மறைந்தது. நம் வீட்டுப் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கியதை யார் மறப்பார்?

அந்த உயர்வு கிலோவுக்கு 85 காசு. ஒரு கிலோ அரிசியில் பத்துத் தட்டுச் சோறு வைக்கலாம். அப்படியானால் ஒரு தட்டுக்கு உயர்வு எட்டரைக் காசு! வீட்டில் அரிசி வாங்கி உண்பவருக்கு 85 காசு பெரிய அடிதான். ஆனால் கடைத் தட்டில் அரிசியின் பங்கு மிகச் சிறியது. உள்நாட்டு அரிசியானால் 26 காசு. "சோறு எட்டு வெள்ளி" என்று நாம் சொல்லும்போது, அதில் சோற்றின் விலை கால் வெள்ளியைச் சற்றே தாண்டுகிறது. மீதி ஏழேமுக்கால் வெள்ளி எங்கே போகிறது?

கோழிக்குப் போகிறது: 2023 நவம்பரில் கோழிக்கான உதவித் தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. முட்டைக்குப் போகிறது: 2025 ஆகஸ்டில் முட்டைக்கான உதவித் தொகையும் நின்றது. தேங்காய்க்குப் போகிறது: 2025-இன் தொடக்கத்தில் தேங்காய்த் தட்டுப்பாடு வந்து, தேங்காய்ப் பாலின் விலையும் ஏறியது. எண்ணெய், எரிவாயு, கடை வாடகை, பொட்டலக் காகிதம், சமையற்காரர் கூலி எல்லாம் அந்தத் தட்டில்தான் ஏறி உட்காருகின்றன. ஆகவே அரிசிக்கு மட்டும் விலை கட்டி, "சோற்றின் விலையைக் கட்டிவிட்டோம்" என்று எவரேனும் சொன்னால், அது பாதிக் கதைகூட இல்லை.

இதில் நெல் விளைவிப்பவருக்கு என்ன கிடைக்கிறது? நமக்கு வடக்கே கெடாவிலும், நம் செபராங் பிறையின் வடபகுதியிலும் வயல்கள் இருக்கின்றன. அரசாங்கம் நெல்லுக்கு வைத்திருந்த குறைந்தபட்ச விலை டன் 1,300 வெள்ளி. 2025-இன் தொடக்கத்தில் விவசாயிகள் திரண்டு வந்து 1,800 வெள்ளி கேட்டார்கள். 1,500 வெள்ளி கிடைத்தது. அவர்களும் நம்மைப்போல வெயிலில் நிற்பவர்களே. சோறு மலிவாக வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அந்த மலிவு அவர்கள் முதுகில் ஏறக்கூடாது.

மக்சிக்கோடு சண்டை வேண்டாம்

தோட்டத்து முனையில் பொட்டலம் விற்கும் மலாய் மக்சிக்கைப் பாருங்கள். நாம் பெரட்டுக்கு எழுவதற்கு முன்பே அவர் எழுந்து அடுப்பு மூட்டுகிறார். அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இல்லை. முதலாளி செலுத்தும் சேமநிதி இல்லை. மழை பெய்தால் வியாபாரமும் இல்லை. முட்டை ஏறினால் அவர் செய்யக்கூடியது இரண்டே: விலையை ஐம்பது காசு ஏற்றுவது, அல்லது முழு முட்டையைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்குவது. ஏற்றினால் நாம் முகம் சுளிக்கிறோம். ஆகவே முட்டை சிறுக்கிறது, நெத்திலி எண்ணிக்கை குறைகிறது, இலை மட்டும் பழைய அளவில் இருக்கிறது. இதை ஏமாற்று என்று சொல்வது தவறு. நம் கூலி எவ்வளவு தாங்கும் என்பதை நம் முதலாளிமாரைவிட அவர் நன்றாக அறிந்திருக்கிறார் என்பதே இதன் பொருள்.

ஐம்பது காசுக்காக அவரோடு வாதாடி வெல்வது வெற்றியாகாது. ஓர் ஏழை இன்னோர் ஏழையிடமிருந்து எடுத்தது அது. நாம் வாதாட வேண்டிய மேசை வேறு.

நிற்க. 2023 ஜனவரி 31 அன்று அரசாங்கம் ரஹ்மா உணவு என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அமைச்சராயிருந்த, அவ்வாண்டு ஜூலையில் காலமான சலாஹுடின் ஆயுப் அதனைக் கொண்டுவந்தார். சோறு, மீனோ கோழியோ, காய்கறி ஆகியவை சேர்ந்த சாப்பாடு ஐந்து வெள்ளிக்குள். நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம். அதனால் பயன்பெற்றோர் உண்டு. ஆயினும் அது கடைக்காரர்கள் தாமாக முன்வந்து தரும் சலுகை. சலுகை இன்று இருக்கும். நாளை இல்லாமலும் போகும். ஐந்து வெள்ளி என்பதும் 34 நிமிட வேலைதான். உழைப்பவனுக்கு மலிவுச் சோறு கொடுப்பது ஒரு வழி. சோறு வாங்கும் கூலியைக் கொடுப்பது மற்றொரு வழி. முதல் வழியைக் காட்டி இரண்டாவதை மூட எவரையும் விடக்கூடாது.

"வீட்டில் சமைக்கக் கூடாதா?"

இக்கேள்வி எப்போதும் வரும். பெரும்பாலும் வீட்டில் சமையற்காரி வைத்திருப்பவரிடமிருந்தே வரும்.

வீட்டில் சமைத்தால் செலவு குறையும்; அதை மறுப்பார் யார்? ஆனால் யார் சமைப்பது? நம் தோட்டத்தில் கணவன் மரம் வெட்டினால் மனைவியும் மரம் வெட்டுகிறாள். பொழுது புலருமுன் நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. விடியுமுன் சமைத்து முடிக்க வேண்டுமானால் அவள் மூன்று மணிக்கு எழ வேண்டும். வீட்டுச் சோற்றின் விலையில் அவள் தூக்கத்தை எவரும் சேர்ப்பதில்லை. அவளுக்கு மணிக்கு 8 வெள்ளி 72 காசு போட்டுப் பாருங்கள். வீட்டுச் சோறும் மலிவில்லை என்பது விளங்கும். பிறைத் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்யும் நம் பெண்பிள்ளைகளுக்கும், விடுதி அறைகளில் நெருங்கிக் கிடக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அடுப்புக்கே இடமேது? வெளியில் வாங்கி உண்பது அவர்களுக்கு ஆடம்பரமன்று. வேலையின் ஒரு பகுதி.

கூலியைச் சோற்றால் அளந்த காலம்

சோற்றை வைத்துக் கூலி பேசுவது புதிய யோசனை என்று எவரும் எண்ண வேண்டாம். 1920களில் இந்தியர் குடியேற்றக் குழு தோட்டத்துத் தமிழர்களுக்கு நிலைக்கூலி வகுத்தபோது, ஒரு கூலியாள் பிழைத்திருக்க அரிசி, பருப்பு, மிளகாய், துணிமணி என்று என்னென்ன வேண்டும் எனப் பட்டியல் போட்டே வகுத்தது. சாலை வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. பெண்ணின் வயிறு சிறியது என்று எண்ணினார்களோ என்னவோ! 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் அதையே 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டினார்கள். ரப்பர் விலை ஏறினால் நம் வயிற்றை அளந்தார்கள். இறங்கினால் ரப்பரை அளந்தார்கள். அளவுகோல் எப்போதும் அவர்கள் கையில் இருந்ததே அதற்குக் காரணம். நம் பிரதிநிதி அந்த மேசையில் இல்லை.

இன்று நிலைமை வேறு. நமக்குச் சங்கம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியச் சம்பள ஆலோசனை மன்றத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2013 ஜனவரியில் 900 வெள்ளியில் தொடங்கியது 2025-இல் 1,700 ஆனதும் அப்படித்தான். அடுத்த முறை அவர்கள் அங்கே போகும்போது கையில் என்ன கொண்டு போவார்கள்? வெறுங்கோபம் அங்கே செல்லாது. கணக்கு வேண்டும்.

ஆகவே என் யோசனை இது.

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். மாதந்தோறும் முதல் வாரத்தில் மூன்று பண்டங்களின் விலையைக் குறிக்கட்டும். ஒன்று, சிறு நாசி லெமாக் பொட்டலம். இரண்டு, ஒரு மீனும் ஒரு காயும் வைத்த நாசி சம்பூர். மூன்று, கோழியும் ஒரு காயும் வைத்த நாசி கண்டார். ஒரே கடையில், ஒரே அளவில் வாங்க வேண்டும். விலையோடு எடையையும் குறிக்க வேண்டும்; முட்டை முழுதா, பாதியா, காலா என்றும் குறிக்க வேண்டும். விலை ஏறாமலே பொட்டலம் சிறுத்தால் அதுவும் விலையேற்றமே. பிறகு விலையை மணிக்கூலியால் வகுத்து, எத்தனை நிமிட வேலை என்று எழுத வேண்டும். கடைக்காரர் பெயர் வேண்டாம். அவரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று.

இன்னொன்றையும் அதே புத்தகத்தில் குறியுங்கள்: மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கப்பட்டது? நாட்கூலித் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். வேலை செய்ய அவர் தயாராயிருந்தும் கொடுக்க இயலாவிட்டால் அந்நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறுகிறது. பெயருக்கு 65 வெள்ளி நாட்கூலி இருந்து, மழை மாதத்தில் பாதி நாள் சும்மா உட்கார வைத்துவிட்டால், பொட்டலத்தின் விலை ஏறாமலே இரட்டிப்பாகிவிடும்.

கிராணிமாரே! இது உங்களுக்கான வேலை. பால் எடையும் பேர் கணக்கும் எழுதிப் பழகிய கை நம் கை. இதுவரை தோட்டத்தின் வரவை எழுதினோம்; இனி உழைப்பவனின் செலவையும் எழுதுவோம். நம் சம்பளமும் அதே கடையில்தான் கரைகிறது என்பதை மறவாதீர்கள்.

பால்மரத் தோழர்களே! விலையையும் எடையையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். மாதம் ஒருமுறை, மூன்று வரி. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் எந்த முதலாளியும் மறுக்க முடியாத கணக்கு ஒன்று நம் கையில் இருக்கும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நோட்டுப் புத்தகத்தின் விலை ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைவிட அதிகமில்லை.